நாற்பது வயதில் சறுக்கலாமா?

மலைச் சரிவு முழுவதும் வெள்ளை வெளேர் என்று பனி. மேலே இருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று சறுக்கி வருகிறது. அதன் காலில் இரண்டு நீளப் பலகைகள். காற்றாய்ப் பறந்து வருகிறது. அழகாக வளைகிறது. டக்கென்று நிற்கிறது. திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறது.

அதே சரிவில் நாற்பது வயது மனிதர் ஒருவர் நிற்கிறார். அவர் காலிலும் பலகைகள். ஓர் அடி நகர்கிறார். கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. "தொப்" என்று விழுகிறார். எழுந்திருக்கிறார். மறுபடியும் "தொப்"!

பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர் முகம் சிவந்து போகிறது.

"இந்த வயதில் எனக்கு இது தேவையா?" என்று அவர் மனம் கேட்கிறது.

குளிர்காலத்தில் நார்வே, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் இந்தக் காட்சியைத் தினமும் பார்க்கலாம். விழுந்தவர் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்வார். பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அல்லது மறுபடியும் எழுந்து நிற்பார்.

அவர் எதைச் செய்ய வேண்டும்? எழுந்து நிற்கத்தான் வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

குதிகாலுக்கு விடுதலை

பனி நிறையப் பெய்யும் நாடுகளில் குளிர்காலம் வந்தால் பாதை மறைந்துவிடும். இடுப்பளவு பனி கிடக்கும். வெறும் காலோடு நடந்தால் கால் புதையும். ஆகவே அந்த நாட்டு மக்கள் பழங்காலத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீளமான மரப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டார்கள். உடம்பின் எடை பலகை முழுவதும் பரவும். கால் புதையாது. இந்தப் பலகைக்குத்தான் "ஸ்கீ" என்று பெயர்.

இன்று பெரும்பாலோர் பழகும் சறுக்கில் கால்விரல் பக்கமும் குதிகாலும் பலகையோடு இறுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். பாதம் அசையாது.

ஆனால், "டெலிமார்க்" என்று ஒரு முறை உண்டு. அதில் கால்விரல் பக்கம் மட்டுமே பூட்டு. குதிகாலுக்கு விடுதலை! செருப்பு போட்டுக்கொண்டு நடக்கும்போது குதிகால் மேலே எழுகிறது அல்லவா? அதைப் போலத்தான். இப்படிக் குதிகால் எழுந்தால், பலகையோடு நடக்கலாம், மலை ஏறலாம், இறங்கவும் இறங்கலாம்.

டெலிமார்க் என்பது ஓர் ஊர்ப்புறத்தின் பெயர். நார்வே நாட்டின் தென் பகுதியில் இருக்கிறது. அங்கே மோர்கெடால் என்று ஒரு சின்னக் கிராமம். அந்தக் கிராமத்து ஏழை ஒருவர்தான் இந்த முறைக்குப் பேர் வாங்கித் தந்தார்.

ஏழைக் குடியானவர்

அவர் பெயர் சோண்ட்ரே நார்ஹெய்ம். 1825-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி பிறந்தார். சொந்த நிலம் கிடையாது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுப் பாடுபட்ட குத்தகைக் குடும்பம்.

ஆனால் பனியில் இறங்கினால் அவர் ராஜா! வீட்டுக் கூரையின் மேல் இருந்துகூடப் பலகையோடு குதிப்பார் என்று சொல்வார்கள்.

அப்போதெல்லாம் பலகையைக் காலோடு சேர்க்க, கால்விரலுக்கு மட்டும் ஒரு வார் இருக்கும். சரிவில் வேகமாகத் திரும்பினால் பலகை ஒரு பக்கம் போகும். ஆள் ஒரு பக்கம் போவார். நார்ஹெய்ம் யோசித்தார். வளைந்து கொடுக்கும் மெல்லிய மரக் கிளைகளையும் வேர்களையும் முறுக்கினார். அதைக் குதிகாலைச் சுற்றி வளைத்துக் கட்டினார். குதிகால் மேலே எழும். ஆனால் பலகை காலை விட்டுப் போகாது.

பலகையின் உருவத்தையும் அவர் மாற்றினார். முன்னும் பின்னும் அகலம். நடுவில் இடுப்புப் போல ஒடுக்கம். இதனால் பலகையைச் சாய்த்தால் அது தானாகவே வளைந்து ஓடும். இன்றைக்குக் கடையில் விற்கும் சறுக்குப் பலகைகளைப் பாருங்கள். அதே இடுப்பு இருக்கும்!

1868-ம் ஆண்டு. நார்வேயின் தலைநகரம் கிறிஸ்டியானியா. இன்று அதன் பெயர் ஆஸ்லோ. அங்கே சறுக்குப் போட்டி நடந்தது. நார்ஹெய்ம் தம் கிராமத்தில் இருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தைப் பலகையிலேயே கடந்து வந்து சேர்ந்தார் என்பார்கள்.

அப்போது அவருக்கு வயது 42. எதிரே நின்றவர்களில் பலர் வாலிபர்கள். வெற்றி பெற்றது யார்? 42 வயதுக் குடியானவர்தான்!

நார்ஹெய்ம் சிறு வயது முதலே பழகியவர். அவர் வென்றதில் அதிசயம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அதைப் பார்த்த பட்டணத்து ஜனங்களுக்கு அது புது வித்தை. அவர்களுக்கும் கற்க ஆசை வந்தது. 1881-ல் அதே மோர்கெடால் கிராமத்தைச் சேர்ந்த ஹெம்மஸ்ட்வெய்ட் சகோதரர்கள் தலைநகரில் சறுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். உலகத்தின் முதல் சறுக்குப் பள்ளி அதுதான் என்று சொல்லப்படுகிறது.

நார்வேகாரன் பிறக்கும்போதே காலில் பலகையோடு பிறக்கிறான் என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு உண்டு. அது பெருமைக்குச் சொல்வது. பலகையோடு எந்தக் குழந்தையும் பிறந்தது இல்லை. எல்லோரும் ஒரு நாள் கற்றவர்கள்தான். சிலர் ஐந்து வயதில் கற்றார்கள். சிலர் ஐம்பதில் கற்றார்கள்.

மண்டியிட்டால் திரும்பலாம்

டெலிமார்க் முறையில் திரும்புவது எப்படி?

இடது பக்கம் திரும்ப வேண்டுமா? வலது காலை முன்னே தள்ள வேண்டும். இடது கால் பின்னே போகும். முன்காலின் பாதம் பலகையில் நன்றாகப் பதிந்திருக்கும். அதன் முழங்கால் மடங்கும். பின்காலின் குதிகால் மேலே எழும். அதன் முழங்கால் கீழே தாழும். இரண்டு பலகைகளையும் இடது பக்கமாகச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு பலகைகளும் சேர்ந்து ஒரே நீளமான வில் போல வளையும். ஆள் இடது பக்கம் திரும்பிவிடுவார்.

வலது பக்கம் திரும்ப, இதையே மாற்றிச் செய்ய வேண்டும். மெல்ல நிமிர்ந்து, காலை மாற்றி, மறுபடியும் தாழ வேண்டும்.

தூரத்தில் இருந்து பார்த்தால், ஒருவர் கோவிலில் மண்டியிடப் போவது போல இருக்கும்.

படிக்கும்போது சுலபம். செய்யும்போது? தொடை நெருப்பாய் எரியும்!

புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறு, முழு எடையையும் முன்காலில் போடுவது. பின்கால் சும்மா இழுபட்டுக்கொண்டு வரும். சைக்கிளுக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய தகர டப்பா போல அங்கும் இங்கும் ஆடும். பிறகு ஆள் விழுவார். எடையை இரண்டு காலுக்கும் பங்கு போட வேண்டும். பின்காலின் முன்பாதம் பலகையை அழுத்த வேண்டும். ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் இதுதான்.

இரண்டாவது தவறு, மிகவும் தாழ்ந்து உட்காருவது. படங்களில் பார்த்ததைப் போல முழங்கால் பலகையில் தட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவை இல்லை. கால்கள் அளவுக்கு மீறி அகன்றால், காலை மாற்ற முடியாது.

மூன்றாவது தவறு, காலைப் பார்ப்பது. காலைப் பார்த்தால் தலை குனியும், உடம்பும் குனியும். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கைகள் இரண்டும் முன்னால் இருக்க வேண்டும்.

முதல் நாள் பாடம்

நல்ல ஆசிரியர் முதல் நாளே மலை உச்சிக்கு அழைத்துப் போகமாட்டார். சமதரையில் நிறுத்துவார். "நடங்கள்" என்பார். பலகையோடு நடப்பதே ஒரு பாடம். கொஞ்ச நேரத்தில் நடை, சறுக்காக மாறும்.

பிறகு நின்ற இடத்திலேயே காலை மாற்றச் சொல்வார். வலது கால் முன்னே, இடது கால் பின்னே. அடுத்து இடது கால் முன்னே, வலது கால் பின்னே. குதிக்கக் கூடாது. சைக்கிள் மிதிப்பது போல நிதானமாக மாற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு சிறிய சரிவு. நேராக இறங்கிக்கொண்டே காலை மாற்ற வேண்டும். திரும்ப வேண்டியது இல்லை. பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி, வேகத்தைக் குறைப்பதும் ஒரு பாடம். நிற்கத் தெரியாதவர் வேகமாகப் போகக் கூடாது அல்லவா?

அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு திருப்பம். ஒரு பக்கம் மட்டும். அது வந்த பிறகு மறுபக்கம். இரண்டையும் சேர்ப்பது கடைசியில்.

விழுவதையும் கற்க வேண்டும். நிலை தவறினால், முரண்டு பிடிக்காமல் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக உட்கார்ந்துவிட வேண்டும். எழுந்திருக்கும்போது பலகைகளை உடம்புக்குக் கீழே, பள்ளத்துப் பக்கம் கொண்டு வர வேண்டும். சரிவுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். கீழ்நோக்கி வைத்தால், எழுந்த உடனே பலகை ஓடத் தொடங்கும். மறுபடியும் "தொப்"!

பெரியவர்களுக்கு ஏன் கஷ்டம்?

குழந்தை உயரம் குறைவு. விழுந்தால் கொஞ்ச தூரம்தான். அடி பலமாகப் படாது. பட்டாலும் சீக்கிரம் ஆறும். பெரியவர் விழுந்தால் உயரத்தில் இருந்து விழுகிறார். காயம் ஆற நாளாகும். கால் ஒடிந்தால் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலையும் உண்டு. ஆகவே பெரியவர் பயப்படுகிறார். அதில் தப்பு இல்லை.

ஆனால் அந்தப் பயம் ஒரு வேடிக்கை செய்கிறது. பயந்தவர் உடம்பைப் பின்பக்கம் சாய்க்கிறார். பள்ளத்தை விட்டு விலகப் பார்க்கிறார். அப்போது பலகையின் முன்பகுதியில் எடை இருக்காது. பலகை சொன்ன பேச்சைக் கேட்காது. பயத்தினாலேயே விழுகிறார்! துணிந்து உடம்பைப் பலகைக்கு நேர் மேலே வைத்துக்கொண்டால், பலகை அவர் சொன்னபடி கேட்கும்.

இன்னொரு சங்கதி. குதிகாலைப் பூட்டிக்கொண்டு இருபது வருஷம் சறுக்கியவர்கூட, டெலிமார்க் பழக வந்தால் முதல் நாள் குப்புற விழுவார். இத்தனை நாளும் அவரைத் தாங்கியது குதிகால் பூட்டு. இப்போது அது இல்லை. கொஞ்சம் முன்னே சாய்ந்தால், மூக்கு பனியில் புதையும். கெட்டிக்காரர் மறுபடியும் முதல் வகுப்புக்கு வந்துவிடுகிறார்!

பெரியவர்களுக்கு ஒரு பலமும் உண்டு. குழந்தை பார்த்துக் கற்கிறது. பெரியவர் புரிந்துகொண்டு கற்கிறார். "எடை எங்கே இருக்க வேண்டும்? ஏன் விழுந்தேன்?" என்று கேட்கிறார். பதில் புரிந்துவிட்டால், அந்தத் தவறைத் தாமே திருத்திக்கொள்வார்.

அப்படியானால் பெரியவர்களைத் தடுப்பது எது? உடம்பு பாதி தடுக்கிறது. மீதிப் பாதியைத் தடுப்பது வெட்கம்!

இருட்டில் பழகிய சகோதரர்கள்

வெட்கம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை.

சுவிட்சர்லாந்தில் தாவோஸ் என்று ஓர் ஊர். மலைகளுக்கு நடுவே இருக்கிறது. இன்று அது பனிச்சறுக்குக்குப் பேர்போன இடம். ஆனால் 1890-களின் தொடக்கத்தில் அங்கே சறுக்குப் பலகையை அறிந்தவர் மிகச் சிலரே.

அந்த ஊரில் டோபியாஸ் பிராங்கர், யோஹன்னஸ் பிராங்கர் என்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். நார்வேப் பலகையைக் காலில் கட்டிக்கொண்டு பழகத் தொடங்கினார்கள். விழுந்தார்கள். ஊரே கைகொட்டிச் சிரித்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? பொழுது சாய்ந்து, இருட்டிய பிறகு போய்ப் பழகினார்கள்!

பனியும் சரிவும் போதாது என்று, இருட்டு வேறு. பகலில் பழகுவதைவிட இருட்டில் பழகுவது எவ்வளவு ஆபத்து! ஊராரின் சிரிப்பு அவர்களை அந்த ஆபத்துக்குத் தள்ளியது. ஆனாலும் அவர்கள் விடவில்லை. 1893-ல் பெரிய மலைக் கணவாய் ஒன்றைப் பலகையில் கடந்து, அரோசா என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் தந்தை விழுந்தார்

அந்தச் சமயத்தில் தாவோஸுக்கு ஒரு பிரபல மனிதர் வந்தார். அவர் பெயர் ஆர்தர் கானன் டாயில். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர். அவர் மனைவிக்குக் காசநோய். மலைக் காற்று நல்லது என்று அங்கே தங்கினார்கள்.

கானன் டாயில் சறுக்குப் பழக ஆசைப்பட்டார். அவருக்கு வயது 34. உலகம் முழுவதும் பெயர் தெரிந்தவர். கனத்த சரீரம். விழுந்தால் நாலு பேர் பார்ப்பார்கள். அவர் கவலைப்படவில்லை. விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார்.

1894-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி. பொழுது விடியும் முன்பே பிராங்கர் சகோதரர்களும் கானன் டாயிலும் புறப்பட்டார்கள். அதே கணவாய். அதே அரோசா. வழியில் ஒரு செங்குத்தான சரிவு வந்தது. பலகைகளைக் கழற்றிச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் உட்கார்ந்து இறங்கப் பார்த்தார்கள். கானன் டாயிலின் பலகை அவரை விட்டு ஓடிப்போய்விட்டது! அவர் உட்கார்ந்தபடியே சரிவை இறங்கி முடித்தார். கால்சட்டை என்ன பாடுபட்டிருக்கும்!

மத்தியானத்துக்கு முன்பே அரோசா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஓட்டலில் பெயர் எழுத வேண்டும். டோபியாஸ் பிராங்கர்தான் எழுதினார். கானன் டாயிலின் "தொழில்" என்ற இடத்தில் என்ன எழுதினார் தெரியுமா? எழுத்தாளர் என்று எழுதவில்லை. வைத்தியர் என்றும் எழுதவில்லை. "விளையாட்டு வீரர்" என்று எழுதினார்!

கானன் டாயில் இதை எல்லாம் மறைத்து வைக்கவில்லை. அந்த ஆண்டே "ஸ்டிராண்ட்" என்ற பத்திரிகையில் கட்டுரையாக எழுதினார். தாம் விழுந்த கதையையும் கால்சட்டை தேய்ந்த கதையையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். லட்சக்கணக்கான ஜனங்கள் படித்தார்கள்.

ஊர் சிரித்ததால் அண்ணன் தம்பிகள் இருட்டுக்குப் போனார்கள். கானன் டாயிலோ, ஊரைவிட முந்திக்கொண்டு தாமே சிரித்துவிட்டார். தம்மைப் பார்த்துத் தாமே சிரிப்பவரை யார் கேலி செய்ய முடியும்?

தனியாகக் கற்ற ஆசிரியர்

ஆஸ்திரியா நாட்டில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். நான்சென் என்ற நார்வே வீரர் 1888-ல் கிரீன்லாந்தைப் பலகையில் கடந்தார். அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஸ்டார்ஸ்கி அதைப் படித்தார். நார்வேயில் இருந்து பலகைகளை வரவழைத்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுக்கு மேல். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. லிலியன்பெல்டு என்ற ஊருக்கு அருகே மலையில் தாமே விழுந்து, தாமே எழுந்து பழகினார்.

அவர் ஊர் மலைகள் செங்குத்து. நீள நார்வேப் பலகை அங்கே சரிப்படவில்லை. பலகையைக் குட்டையாக்கினார். இரும்புப் பூட்டு ஒன்று செய்தார். புது முறையே உண்டாக்கினார். டெலிமார்க்குக்குப் போட்டியாக வளர்ந்த முறைகளுக்கு அதுதான் வித்து.

பிறகு மலை ஏற்றும் இயந்திரங்கள் வந்தன. 1936-ல் அமெரிக்காவில் சன் வாலி என்ற இடத்தில், ஆளை நாற்காலியில் உட்கார வைத்துக் கம்பி வழியாக மேலே தூக்கும் இயந்திரம் அமைத்தார்கள். ஏற வேண்டிய வேலையே இல்லை! குதிகாலுக்கு எதற்கு விடுதலை? இறுக்கிப் பூட்டிவிட்டார்கள். டெலிமார்க் முறை மெல்ல மறைந்தது. ஆனால் பலகையோடு உயரப் பறந்து குதிக்கும் போட்டியில் மட்டும், ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்கும் டெலிமார்க் முறைக்கு இன்றும் மதிப்பெண் உண்டு.

1970-களில் மறுபடியும் ஓர் அதிசயம் நடந்தது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து மலைகளில், நன்றாகச் சறுக்கத் தெரிந்த சிலர் குதிகால் பூட்டை விட்டுவிட்டு, பழைய நார்வே முறையைப் பழகினார்கள். தாமாகவே முதல் வகுப்புக்குத் திரும்பினார்கள். ஏன்? தங்கள் காலாலேயே ஏறி, தங்கள் காலாலேயே இறங்க வேண்டும் என்று ஆசை. அவர்களால் டெலிமார்க் உயிர் பெற்றது. இன்று உலகக் கோப்பைப் போட்டிகள்கூட நடக்கின்றன.

மறைந்துபோன ஒரு கலையைக் காப்பாற்றியவர்கள், வளர்ந்த பிறகு விழத் துணிந்தவர்களே!

துணிவு வேறு, முரட்டுத்தனம் வேறு

துணிவு வேண்டும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது என்று அர்த்தம் இல்லை.

டெலிமார்க் பழக விரும்புகிறவர்கள் சில வாரங்களுக்கு முன்பே தேகப் பயிற்சி செய்ய வேண்டும். ஒரு காலை முன்னே வைத்து, பின்காலின் முழங்காலைத் தரைக்கு அருகே தாழ்த்தி எழுவது நல்ல பயிற்சி. வீட்டுக் கூடத்திலேயே செய்யலாம். முழங்காலில் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும்.

கால்விரல் பக்கம் மடங்கும் பூட்ஸ் தேவை. பழைய காலத்தில் தோல் பூட்ஸ். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. இன்னொன்றும் முக்கியம். டெலிமார்க் பூட்டுகளில் பல, விழும்போது தானாகக் கழன்றுகொள்ளாது. ஆகவே வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தலைக் கவசம் கட்டாயம் வேண்டும்.

தனியாக மலைக்குள் போகக் கூடாது. பனிச் சரிவு திடீர் என்று இடிந்து விழும். அனுபவசாலி ஸ்டார்ஸ்கியே 1916-ல் முதல் உலகப் போரின்போது பனிச் சரிவில் சிக்கினார். உடம்பில் பல எலும்புகள் நொறுங்கின. எப்படியோ பிழைத்து, 1940 வரை வாழ்ந்தார். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

ஆசிரியரிடம் கற்பதே மேல். ஸ்டார்ஸ்கிக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை. இன்று கிடைக்கிறார்கள். கேட்க வெட்கப்படுவது வீண்.

சிரிக்காதீர்கள்

பனிச் சரிவில் விழும் நாற்பது வயது மனிதருக்கு வருவோம்.

அவர் உலகப் போட்டியில் வெல்லப் போவதில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் லாவகமும் வராது. பிறகு எதற்குக் கற்க வேண்டும்?

கற்பது மனிதனுக்கு இயற்கை. குழந்தை நடக்கப் பழகும்போது எத்தனை தடவை விழுகிறது! யாரும் கேலி செய்வதில்லை. கைதட்டுகிறார்கள். "வா, வா" என்று அழைக்கிறார்கள். அதனால் அது எழுந்து மறுபடியும் நடக்கிறது. வளர்ந்தவர் விழும்போது மட்டும் கைதட்டல் நின்றுவிடுகிறது. கேலி தொடங்குகிறது. பலர் கற்பதையே விட்டுவிடுகிறார்கள். வயது அவர்களைத் தடுத்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சைக்கிள் பழகும் தாய், எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாத்தா, நீச்சல் பழகும் தந்தை... பனியில் விழும் அந்த மனிதரும் இவர்களும் ஒரே வகுப்பு. இவர்களைப் பார்த்துச் சிரிப்பவர் விளையாட்டாகத்தான் சிரிக்கிறார். ஆனால் அந்தச் சிரிப்பு ஒருவரை இருட்டுக்குத் துரத்திவிடும். பிராங்கர் சகோதரர்கள் இருட்டில் இருந்து திரும்பி வந்தார்கள். எல்லோரும் திரும்பி வருவார்கள் என்று சொல்ல முடியாது.

அடுப்பில் எரிந்த ஒலிம்பிக் சுடர்

சோண்ட்ரே நார்ஹெய்ம் கடைசி வரை ஏழையாகவே இருந்தார். பிழைப்புத் தேடி 1884-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். அப்போது அவருக்கு வயது 58. புது நாடு. புது மொழி. அந்த வயதில் அவரும் எல்லாவற்றையும் முதலில் இருந்து கற்க வேண்டியிருந்தது!

வடக்கு டகோட்டா என்ற பகுதியில் குடியேறினார். அங்கே மலை இல்லை. பார்த்த இடம் எல்லாம் சமவெளி. சறுக்கச் சரிவே கிடையாது. ஆனாலும் அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி சறுக்குப் பலகை எப்போதும் நின்றுகொண்டிருக்கும் என்று சொல்வார்கள்.

1897-ல் அவர் காலமானார். அவருடைய கல்லறைக்குப் பல வருஷம் வரை அடையாளக் கல்கூட இல்லை.

ஆனால், 1952-ல் ஆஸ்லோவில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதற்குச் சுடர் ஏற்ற வேண்டும். எங்கே ஏற்றினார்கள்? அரண்மனையில் இல்லை. மோர்கெடால் கிராமத்தில், நார்ஹெய்ம் வாழ்ந்த சின்ன வீட்டின் அடுப்பில் ஏற்றினார்கள்! 1960-ல் அமெரிக்காவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கும் அங்கே இருந்துதான் சுடர் போயிற்று.

அந்தக் குடியானவர் காட்டிய திருப்பத்தை இன்றும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாரோ ஒருவர் முதல் தடவையாகப் பழகுகிறார். முழங்காலை மடக்குகிறார். விழுகிறார். பனியைத் தட்டிவிட்டு எழுகிறார்.

அவருக்கு நாற்பது வயதாக இருக்கலாம்; அறுபதாகவும் இருக்கலாம். பக்கத்தில் நிற்பவர்கள் அவருக்குச் செய்ய வேண்டிய உதவி ஒன்றுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கை கொடுத்துத் தூக்கிவிடுங்கள்!